ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவிலே சமயச் சொற்பொழிவொன்றை எதிர்பார்த்து வந்திருக்கும் பெரியோர்கள், "வானொலிச் சட்டமும் தொலைத்தொடர்புச் சட்டமும்" என்று நிகழ்ச்சி நிரலிற் கண்டு சற்றே முகஞ் சுளித்திருக்கக்கூடும். எனினும் சங்கத்தின் செயலாளர் இப்பொருளைத்தான் பேசவேண்டுமென்று வற்புறுத்தினார். அவர் வற்புறுத்தியது நன்றே என்பதை இவ்வுரையின் முடிவில் நீங்களும் ஒப்புக்கொள்வீர்களென நம்புகிறேன்.

நம்முடைய சாத்திரங்கள் ஐம்பூதங்களை எண்ணும்போது ஆகாயத்திற்கு உரிய குணம் ஓசை என்று கூறுகின்றன. நிலத்தைக் கண்டத்துக்குக் கண்டமாக வேலியடைத்து, உறுதி முடித்து, "இது என்னுடையது" என்று சொல்லலாம். நீரைக் கிணற்றுக்குள்ளும் குளத்துக்குள்ளும் அடக்கலாம். ஆகாயத்துக்கு வேலி போட்டவர் எவருமில்லை. சிதம்பரத்திலே ஆகாயத் தலமென்று காட்டப்படும் இடம் வெறுவெளியாகவே இருப்பதன் கருத்தை நம் பெரியோர் அறிவர். ஆனால் இந்த நூற்றாண்டிலே அந்த வெறுவெளிக்கும் விலை பேசப்படுகிறது. வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகிய யாவும் வெளியிலே பரவும் மின்காந்த அலைகளைக் கொண்டே இயங்குகின்றன. அந்த அலைகளை எவர் பயன்படுத்தலாம், எவர் பயன்படுத்தலாகாது என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. எனவே, ஆகாயம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வேதாந்த விசாரத்துக்கு மாத்திரம் உரியதன்று. அது நீதிமன்றத்திலே கேட்கப்பட்டு, விடையுங் கூறப்பட்ட கேள்வியாகும். அந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், இதற்குச் சட்டம் எதற்கு என்று வினவலாம். பேசுகிறவன் பேசட்டும், கேட்கிறவன் கேட்கட்டும் என்று விட்டுவிட்டால் என்ன? அப்படி விட்டுப் பார்த்த நாடொன்று உண்டு. 1926ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு வழக்கு நடந்தது. வானொலி நிலையமொன்றுக்கு இன்ன மீடிறனிலேதான் ஒலிபரப்பவேண்டும் என்று கட்டளையிட வர்த்தகச் செயலாளருக்கு அதிகாரமில்லை என்று அவ்வழக்கிலே தீர்ப்பாயிற்று. உடனே நிலையங்கள் தத்தமக்கு விருப்பமான மீடிறனுக்குத் தாவின. வலுவையும் விருப்பம்போற் கூட்டின. புதிய நிலையங்களும் புற்றீசல்போற் கிளம்பின. முடிவு என்ன? ஒன்றன்மேல் ஒன்று மோதி, நேயர்களுடைய காதிலே சீழ்க்கையும் இரைச்சலுமே விழுந்தன. எல்லோரும் பேசினார்கள், எவருக்கும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே, 1927இல், அந்நாட்டு அரசாங்கம் வானொலிச் சட்டமொன்றை இயற்றி ஒழுங்கை நிலைநாட்டவேண்டியதாயிற்று.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயல் செய்யும் அன்பர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. குளத்து நீர் எல்லோருக்கும் உரியதுதான். ஆயினும் வட்டவிதானை என்று ஒருவர் நின்று, இன்ன வாய்க்காலுக்கு இன்ன முறை என்று நீரைப் பங்கிட்டு விடாவிட்டால், மேல் வயற்காரன் மடையை வெட்டுவான், கீழ் வயற்காரனுடைய பயிர் வாடும். வானொலியின் பண்பலை வரிசையைப் பாருங்கள். 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரைக்கும் உள்ள சிறியதொரு வாய்க்கால் அது. அதற்குள்ளே எத்தனை நிலையங்கள் ஒன்றையொன்று இடியாமல் நிற்க முடியும் என்பதற்கு எல்லை உண்டு. ஆகவே பங்கீடு வேண்டும். பங்கிடுவதற்கு ஆள் வேண்டும். இதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அந்த வட்டவிதானையை யார் நியமிப்பது, அவர் எவருக்குக் கணக்குக் காட்டுவது என்பதிலேதான் தகராறு தொடங்குகிறது.

இலங்கையிலே வானொலி பிறந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆந் திகதி, அப்போதைய தேசாதிபதி சேர் ஹியூ கிளிஃபோட் கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தார். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் என்பவரே இதற்கு மூலகர்த்தர். ஆசியாவிலே மிகப் பழைய வானொலிகளில் ஒன்றென்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் தொடக்கத்திலிருந்தே அது அரசாங்கத் திணைக்களத்தின் பிள்ளை. பிரித்தானியாவிலே 1927இல் அரச பட்டயத்தின்கீழ் பீ.பீ.சீ. ஒரு கூட்டுத்தாபனமாக அமைக்கப்பட்டது. அது மந்திரியின் திணைக்களம் அன்று, பொதுமக்களுக்காக இயங்கவேண்டிய சபை என்பது அதன் கருத்து. இலங்கை வானொலியோ மேலும் நாற்பது ஆண்டுகளுக்குத் திணைக்களமாகவே இருந்தது.

அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் பணங் கட்டிப் புதுப்பித்தல் வேண்டும். ஊர் வாசிகசாலையிலே இருந்த ஒரேயொரு பெட்டியைச் சுற்றி மாலை வேளையிலே ஊரே கூடியிருந்து செய்தி கேட்ட காலத்தைப் பெரியோர்கள் பலர் நினைவிற் கொண்டிருப்பீர்கள். பேசுவதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருந்தது என்பதை இளைஞர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

அக்காலத்திலே நடந்த ஒரு சம்பவம் நமக்குப் பெருமையும் தருவது, படிப்பினையும் தருவது. 1950 செப்டெம்பர் 30இல் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து, 1952இல், இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றை மிகவும் அருகச் செய்தார். அவருடைய நோக்கம் சாஸ்திரீய சங்கீதத்தை வளர்ப்பது. அதனை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் நேயர்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் வட இந்தியாவிலும் இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு ஒலித்தது. ஈற்றிலே 1957 அக்டோபரில் 'விவித பாரதி' என்னும் சேவையைத் தொடங்கி, சினிமாப் பாடல்களை இந்திய வானொலி மீண்டும் வரவேற்க வேண்டியதாயிற்று. நேயரைக் கேளாமல் நேயருக்காகத் தீர்மானிக்கிற அதிகாரி, எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், தோற்பார் என்பதே இதன் பொருள். அலைகள் மந்திரி சபையின் எல்லைக் கோட்டை மதிப்பதில்லை.

நம் நாட்டிலே ஹுலுகல்ல அவர்களின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, வானொலியைத் திணைக்களத்திலிருந்து பிரித்துக் கூட்டுத்தாபனமாக்க வேண்டுமென்று 1966இல் விதந்துரைத்தது. அவ்வாண்டிலேயே 37ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, 1967 சனவரி 5ஆந் திகதி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் உதயமாயிற்று. 1982இன் 6ஆம் இலக்கச் சட்டத்தினால் ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. பெயரளவிலே இவை திணைக்களங்கள் அல்ல. ஆயினும் சபையின் உறுப்பினரை நியமிக்கும் அதிகாரமும், பொதுப் பணிப்புரை வழங்கும் அதிகாரமும் அமைச்சரிடத்திலேயே வைக்கப்பட்டன. தனியார் நிலையமொன்றை அமைக்க விரும்புவோர்க்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரமும் இவ்விரு சட்டங்களினாலும் அமைச்சருக்கே அளிக்கப்பட்டது.

தொலைத்தொடர்பின் கதை வேறு வழியிற் சென்றது. 1991இன் 25ஆம் இலக்கச் சட்டம், தொலைபேசிச் சேவை நடத்துபவரையும் அதனை மேற்பார்வை செய்பவரையும் வேறு வேறாகப் பிரித்தது. அதற்கு முன் ஒரே திணைக்களமே விளையாட்டு வீரனாகவும் மத்தியஸ்தனாகவும் இருந்தது. 1996இன் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைந்தது. அச்சட்டப்படி உறுப்பினர் ஐவர்; அமைச்சின் செயலாளரே தலைவர்; பணிப்பாளர் நாயகம் ஒருவர்; ஏனைய மூவரையும் அமைச்சர் நியமிப்பார். மீடிறன்களைப் பங்கிடும் வேலை இந்த ஆணைக்குழுவைச் சார்ந்தது. எனவே வானொலி நிலையமொன்று தொடங்க விரும்பும் ஒருவருக்கு இரண்டு பத்திரங்கள் தேவைப்பட்டன. ஒலிபரப்புவதற்கு அமைச்சரிடமிருந்து ஒன்று. மீடிறனுக்கு ஆணைக்குழுவிடமிருந்து மற்றொன்று. இரண்டு வாயில்களிலும் நிற்கும் காவலாளரை நியமிப்பது ஒரே அரசாங்கந்தான் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இனி, நீதிமன்றத்துக்கு வருவோம். மூன்று வழக்குகளை மாத்திரம் சொல்கிறேன்.

முதலாவது, இந்தியாவிலே எழுந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பரில் 'ஹீரோ கிண்ண' கிரிக்கெட் போட்டிகள் நடந்தன. வங்காளக் கிரிக்கெட் சங்கம் அப்போட்டிகளைப் படம்பிடித்து ஒளிபரப்பும் உரிமையை வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு விற்றது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி அலைகள் அரசாங்கத்தின் தனியுரிமை என்று தூரதர்ஷனும் அமைச்சும் வாதிட்டன. தந்திக் கம்பிகளுக்காக வெள்ளைக்காரர் இயற்றிய சட்டம் தொலைக்காட்சிக் காலத்திலே கையில் எடுக்கப்பட்டது. 1995 பெப்ரவரி 9ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வான் அலைகள் பொதுச் சொத்து. அரசாங்கமோ தனியாரோ அவற்றுக்கு ஏகபோகம் கொண்டாட முடியாது. பொதுமக்களின் நன்மைக்காக அவற்றை ஒழுங்குபடுத்தச் சுயாதீனமான பகிரங்க அதிகாரசபை ஒன்றை அமைக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டாவது, நம் நாட்டு வழக்கு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வந்தது. நேயர்கள் தொலைபேசி மூலம் அதிற் கலந்துகொண்டு தம் கருத்தைக் கூறலாம். 1995 பெப்ரவரியில் அந்நிகழ்ச்சி எதிர்பாராத வகையில் நிறுத்தப்பட்டது. அதிற் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். அவர் நிலையத்தின் உரிமையாளர் அல்லர். நிகழ்ச்சியைத் தயாரித்தவரும் அல்லர். கேட்டுக்கொண்டிருந்த ஒரு சாதாரண மனிதர். 1996இல் உயர் நீதிமன்றத்திலே நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அளித்த தீர்ப்பு அவருக்குச் சார்பாயிற்று. தகுந்த காரணமின்றி நிகழ்ச்சியை நிறுத்தியதனால், அதிற் பங்குபற்றும் நேயருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. வெறுமனே தகவல் பெறுகிறவருடைய நிலை வேறு, நிகழ்ச்சியிற் பங்குகொள்கிறவருடைய நிலை வேறு என்ற நுட்பமான வேறுபாட்டையும் அத்தீர்ப்பு காட்டியது. எவ்வாறாயினும், வானொலிப் பெட்டியின் இந்தப் பக்கத்திலே இருப்பவனுக்கும் உரிமையுண்டு என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

மூன்றாவது, 1997ஆம் ஆண்டு. ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. தனியார் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குதல், நீக்குதல் முதலியவற்றைச் செய்ய ஓர் அதிகாரசபை. அதன் உறுப்பினருட் பெரும்பாலோரை நியமிப்பவர் அமைச்சர். பலர் ஒன்றுசேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். மே மாதத்திலே நீதிமன்றம் தன் தீர்மானத்தை வெளியிட்டது. மனிதருடைய எண்ணத்தை மாற்றுவதில் இலத்திரனியல் ஊடகத்துக்கு நிகரான வலிமை வேறொன்றுக்கும் இல்லை. அத்தகைய ஊடகத்தை மேற்பார்வை செய்யும் சபை அரசாங்கத்தினின்றும் சுயாதீனமாக இருத்தல் வேண்டும். இந்தச் சபையோ அமைச்சரைச் சார்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. அரச நிலையங்களையும் தனியார் நிலையங்களையும் வேறுபட நடத்துவது சமத்துவத்துக்கு முரண் என்றும் கூறியது. சிந்தனைச் சுதந்திரம், சமத்துவம், பேச்சுச் சுதந்திரம் ஆகிய உறுப்புரைகளோடு முரண்பட்ட அச்சட்டமூலம் சட்டமாகவில்லை.

அத்தீர்மானத்திலே ஒரு கருத்து உண்டு. அன்பர்களே, அதனை நீங்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். அலைகள் எண்ணிக்கையிற் குறைந்தவை. அவை பொதுச் சொத்து. அரசாங்கம் அவற்றின் உடைமைக்காரன் அன்று, பொதுமக்களுக்காக அவற்றைப் பொறுப்பேற்று நடத்தும் நம்பிக்கையாளன் மாத்திரமே என்பதே அது.

நம்பிக்கையாளன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவு வருவது யார்? நம் கோயில்களின் தர்மகர்த்தா. கோயிற் காணியும் நகையும் மணியும் சுவாமிக்கு உரியவை. திறப்பு தர்மகர்த்தாவின் இடுப்பில் இருக்கும். ஆனால் அது அவருடைய வீட்டுத் திறப்பு அன்று. கணக்கைச் சபையிலே வைக்கவேண்டியவர் அவர். கோயில் வருமானத்தைத் தம் பிள்ளையின் கலியாணத்துக்குச் செலவிட்டால், ஊரார் எழுந்து கேட்பார்கள்; கேளாவிட்டால் நீதிமன்றத்துக்கே கொண்டுபோவார்கள். கோயில் வழக்குகள் நம்மூர்களில் எத்தனை நடந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அவ்வழக்குகளிற் சில வீண் வழக்குகள்தாம். ஆயினும் அவற்றின் அடியிலே ஓர் உயர்ந்த கொள்கை கிடக்கிறது. பொதுச் சொத்தின் திறப்பை வைத்திருப்பவன் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பதுதான் அக்கொள்கை. கோயிற் காணிக்கு இக்கொள்கையை இவ்வளவு பிடிவாதமாக வற்புறுத்தும் நாம், ஆகாயத்துக்கு அதனை ஏன் வற்புறுத்துவதில்லை?

வற்புறுத்தாமையின் பயனையும் சொல்லவேண்டும். 1997இன் தீர்மானத்துக்குப் பின் கால் நூற்றாண்டு கடந்தும் சுயாதீனமான ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்று தோன்றவில்லை. தவறான சட்டமூலம் தடுக்கப்பட்டது. சரியான சட்டமோ வரவில்லை. அதனால் நிலையங்கள் பழைய சட்டங்களின் கீழேயே நடைபெற்று வந்தன. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, ஊர் மக்களே பங்குபற்றும் நிலையமாகப் பெயர் பெற்றது. ஆனால் அது கூட்டுத்தாபனத்தின் கிளையாகவே இருந்தது. ஊர்ச் சபையோ சங்கமோ தானே நிலையம் நடத்துவதற்கென்று தனியான அனுமதி முறை வகுக்கப்படவில்லை. கடலுக்கு அப்பால், சென்னையிலே அண்ணா பல்கலைக்கழகம் 2004 பெப்ரவரி முதலாந் திகதி தன் சமூக வானொலியைத் தொடங்கியது. 1995இன் தீர்ப்புக்குப் பின் அந்நாட்டிலே மெல்ல மெல்லத் திறந்த கதவுகளுள் அதுவும் ஒன்று.

இதற்கிடையிலே வானொலியின் இடத்தைக் கைத்தொலைபேசியும் இணையமும் பிடித்துக்கொண்டன. இங்கும் அதே கேள்வி வேறு உருவிலே வந்தது. 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்திலே முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபோது, முகநூல் முதலிய சமூக வலைத்தளங்கள் ஒரு கிழமையளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின்னும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆந் திகதி, மக்கள் எதிர்ப்பு எழுந்த வேளையிலும் முடக்கப்பட்டன. ஆயினும் அன்றே தடை நீங்கிற்று. முதலிரண்டிலும் பகைமைப் பேச்சைத் தடுக்கும் தேவை உண்மையாகவே இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நச்சுப் பேச்சினால் வீடுகள் எரிந்ததைக் கண்ட நாம், எதையும் பேசலாம் என்று சொல்லத் துணியமாட்டோம். ஆனால் எரியும் வீட்டின் கதவைப் பூட்டுகிறவன், உள்ளே இருப்பவர் உதவிக்கு அழைக்கும் குரலையுஞ் சேர்த்தே அடைக்கிறான் என்பதையும் மறக்கலாகாது. 2024 சனவரியிலே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. இணையத்திலே வெளிவரும் கூற்றுக்களைப் பற்றித் தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றை அது வகுத்தது. நம் கேள்வி மாறவில்லை. அந்த ஐவரை நியமிப்பவர் யார், அவர்கள் எவருக்குக் கணக்குச் சொல்வார்கள்?

செய்தி கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்திலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. வானொலிப் பெட்டியை எவரும் பறிக்கவில்லை. அதற்கு உயிர் கொடுக்கும் பற்றரியே தடைப்பட்டது. அப்போது நம் மக்கள் என்ன செய்தார்கள்? சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையினாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தார்கள். ஒரு பிள்ளை சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து செய்தி கேட்டார்கள். சுழற்றுகிற கை களைத்தால் குரல் தேய்ந்துவிடும். மற்றப் பிள்ளை வந்து கைமாற்றும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த இடத்தில் ஆபத்து, போனவர் திரும்புவாரா என்பதை அறிவதற்காகச் சிந்திய வியர்வை அது. இங்கே இருக்கும் நடுத்தர வயதினர் பலர் அந்தப் பெடலைச் சுழற்றியவர்களே. கேட்கும் உரிமை என்று 1996இல் நீதிமன்றத்திலே வாதிக்கப்பட்ட பொருளை, அதே காலத்திலே நம் பிள்ளைகள் கையினாற் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அவ்வாறு பெற்ற உரிமையை நாம் இலேசாக எண்ணலாமா?

இவ்வளவும் பிறர் செய்யவேண்டியதைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றியும் சொல்லவேண்டும், சொல்லாவிடில் நேர்மையாகாது.

நாமும் ஒலிபரப்பாளர்களே. திருவிழாக் காலத்திலே கோபுர உச்சியிலும் தென்னை மரத்திலும் ஒலிபெருக்கி கட்டுகிறோம். அதிகாலை நான்கு மணிக்குப் பக்திப் பாடல் தொடங்குகிறது. இரவு நெடுநேரம் முடிவதில்லை. பக்கத்து வீட்டிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், நோயாளி இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம். வானொலியை விரும்பாதவன் மூடிவிடலாம். ஒலிபெருக்கியை மூட அவனுக்கு வழியில்லை; அவன் கட்டாய நேயன். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், வெலிகமைப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றி எழுந்த வழக்கிலே, எல்லா மதத்தவர்க்கும் பொதுவான ஒரு கட்டளையிட்டது. இரவு பத்து மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்பதும், பகலிலும் ஓசை அவ்விடத்தின் எல்லையைக் கடந்து செல்லலாகாது என்பதும் அக்கட்டளையின் முக்கிய பகுதிகள். விசேட தினங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. இந்தக் கட்டளையை நம் கோயில்கள் எவ்வளவு தூரம் கைக்கொள்கின்றன என்பதை நீங்களே உங்கள் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகாயம் பொதுச் சொத்து என்று அமைச்சரிடம் சொல்லும் நாம், அதே ஆகாயத்தை அயலவரிடமிருந்து பறிக்கலாகாது. ஆகாயத்தின் குணம் ஓசை என்றார்கள் நம் முன்னோர். அதே முன்னோர் இறைவனை மௌனத்திலும் கண்டார்கள்.

வாலிப அன்பர்களே, உங்களுக்கு மூன்று பணிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கேட்கப் பழகுங்கள். 2015இன் பத்தொன்பதாந் திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பிலே சேர்த்தது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. நம் பகுதியிலே மீடிறன்கள் எவருக்கு வழங்கப்பட்டன, எந்த நிபந்தனையோடு வழங்கப்பட்டன, தமிழ் நிகழ்ச்சியொன்று நிறுத்தப்பட்டால் எக்காரணத்தால் நிறுத்தப்பட்டது என்று எழுத்திலே கேட்கலாம். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. ஒரு முத்திரையின் செலவும் ஒரு தாளும் போதும். வாசிகசாலையிலே ஒரு மாலைப்பொழுது கூடியிருந்து அவ்விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.

இரண்டாவது, புதிய சட்டமூலம் வெளிவரும்போது அதனை வாசியுங்கள். வர்த்தமானியிலே வெளியாகும் சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல நம் அரசியலமைப்பு தரும் காலம் மிகக் குறுகியது. சட்டம் நிறைவேறிய பின்பு புலம்பிப் பயனில்லை. 1997இல் வென்றவர்கள் வாசித்ததனால் வென்றார்கள். வாசிக்கும்போது வேறொன்றையும் தேடவேண்டாம். நான் சொன்ன இரண்டு கேள்விகளுக்கு அதிலே விடை தேடுங்கள். நியமிப்பவர் யார்? கணக்குக் கேட்பவர் யார்? ஒரு சட்டமூலத்தின் குணத்தை அறிய அவ்விரண்டும் போதும்.

மூன்றாவது, நம் வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள். வருகிற திருவிழாவிலே ஒலிபெருக்கியின் நேரத்தையும் ஓசையையும் இந்தச் சங்கத்து வாலிபர்களே பொறுப்பேற்று ஒழுங்குபடுத்துங்கள். பெரியோர்கள் அதற்கு இடங்கொடுக்க வேண்டுமென்று அவர்களையும் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன். தன் கோயிலிலே நல்ல தர்மகர்த்தாவாய் இருப்பவன் கேட்கும் கணக்குக்குத்தான் நாட்டிலே மதிப்புண்டு.

2025 டிசெம்பரோடு இலங்கையின் வானொலிக்கு நூறு ஆண்டுகள் நிறைவெய்துகின்றன. அந்நூறாண்டிலே திணைக்களமும் கூட்டுத்தாபனமும் ஆணைக்குழுவும் மாறி மாறி வந்தன. மாறாமல் இருந்தவன் கேட்கிறவன் ஒருவனே. வாசிகசாலையிலே நிலத்திலிருந்து கேட்டவனும், சைக்கிள் பெடலைச் சுழற்றிக் கேட்டவனும், இன்று கையடக்கக் கருவியிலே கேட்கிறவனும் அவனே. அவனுக்கு உரியது அந்த ஆகாயம். இதனை அறிந்து, அதற்குரிய பொறுப்போடு நடந்துகொள்ளும் வாலிபர் சிலரையாவது இந்தச் சங்கம் உருவாக்குமாயின், இந்த விழா பயனுடைய விழாவாகும்.